சந்திரன் பெற்ற சாபமும் சானடோரியம் சொல்லும் செய்தியும்

பங்குனி பிறந்துவிட்டால் தினசரி நாள்காட்டியின் தாள்களில் இடம் போதாமல் போய்விடுகிறது. காரடையான் நோன்பு, பிரதோஷம், கிருத்திகை, பங்குனி உத்திரம் என்று விசேஷங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நிற்கின்றன. காலையில் நீராடி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தாளைக் கிழிக்கும் பெரியவர்களின் கண்கள் முதலில் தேடுவது திதியையும் நட்சத்திரத்தையும் இராகு காலத்தையுமே. தாளின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் வரிகளை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

மார்ச் 24-ஆம் தேதித் தாளின் அடியில் வரும் அத்தகைய ஒரு வரி, 'உலகக் காசநோய் நாள்' என்பது. தமிழ்க் கணக்கில் அது பங்குனி பத்தாம் நாளையொட்டி வரும். அதற்குப் பதினான்கு நாள் கழித்து, ஏப்ரல் 7-ஆம் தேதி, உலகச் சுகாதார நாள். 1948-ஆம் ஆண்டு அதே நாளில்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி உலக எய்ட்ஸ் நாளாக 1988 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.

இத்தகைய நாள்கள் ஏன் வகுக்கப்பட்டன என்று நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏகாதசி என்றொரு நாள் குறிக்கப்பட்டிருப்பதால்தான் வயிற்றுக்கு ஓய்வு தர வேண்டும் என்ற நினைவே பலருக்கு வருகிறது. மகாளய அமாவாசை என்றொரு நாள் இருப்பதால்தான் மறைந்த முன்னோரை மறவாமல் இருக்கிறோம். மனித மனம் மறக்கும் இயல்புடையது. மறக்கக் கூடாதவற்றுக்கு ஒரு நாளைக் குறித்து வைப்பது சான்றோர் கண்ட வழி. உலக நாடுகள் நோய்களுக்கென நாள் குறித்திருப்பதும் அவ்வழியைச் சார்ந்ததே.

தேய்ந்த சந்திரன்

காசநோயை நம் முன்னோர் க்ஷயரோகம் என்றனர். 'க்ஷயம்' என்றால் தேய்தல். உடல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போவதால் அப்பெயர். இந்நோய்க்கு ஆயுர்வேத நூலார் இட்ட மற்றொரு பெயர் இராஜயக்ஷ்மா. அந்நோயின் தோற்றத்தைக் கூறவந்த சரக சம்ஹிதை, நாமெல்லாம் அறிந்த சந்திரனின் கதையையே எடுத்துரைக்கிறது.

தட்சப் பிரஜாபதி தம் பெண்கள் இருபத்தெழுவரைச் சந்திரனுக்கு மணம் செய்து கொடுத்தார். சந்திரனோ உரோகிணி ஒருத்தியிடம் மட்டுமே பேரன்பு காட்டி மற்றவர்களைப் புறக்கணித்தான். மகளிர் தந்தையிடம் முறையிட, தட்சன் வெகுண்டு, "நீ க்ஷயரோகத்தால் தேய்ந்து போவாயாக" என்று சபித்தார். நாள்தோறும் கலைகளை இழந்துவந்த சந்திரன், எஞ்சிய கலையோடு சிவபெருமானைச் சரணடைந்தான். பெருமான் அவனைத் தம் சடையில் சூடிக் காத்தருளினார். சாபம் முற்றிலும் நீங்கவில்லை எனினும், தேய்ந்தவன் மீண்டும் வளரும் வரத்தைப் பெற்றான். பிரபாச தீர்த்தத்தில் சோமநாதர் ஆலயம் எழுந்த வரலாறு இது. தமிழ்நாட்டில் திருவையாற்றை அடுத்த திங்களூரில் சந்திரன் வழிபட்டுப் பேறு பெற்றான் என்பது ஐதிகம்.

இக்கதையில் ஊன்றி நோக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. வானத்தில் உலவுகிற சந்திரனால் தன் நோயை ஒளித்துவைக்க இயலவில்லை. அவன் தேய்வதை உலகமே கண்டது. மறைக்க வழியில்லாமையே அவனைச் சரணடையச் செய்தது என்றுகூடச் சொல்லலாம். மனிதர்களாகிய நாமோ நான்கு சுவர்களுக்குள் இருக்கிறோம். நம்மால் மறைக்க முடிகிறது.

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு நலவிடுதி

பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் குடியிருக்கும் பெரியவர்களுக்கு மின்சார ரயில் பழகிய ஒன்று. பெருங்களத்தூரில் ஏறினால் அடுத்தது தாம்பரம். அதற்கு அடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அலுவலகத்திற்குப் போய்வந்த காலத்தில் ஆயிரக்கணக்கான முறை கடந்த பெயர். மாம்பலம், மயிலாப்பூர் கோயில்களுக்குச் செல்லும்போது இன்றும் கடக்கிற பெயர். அப்பெயர் ஓர் ஊரின் பெயர் அன்று. காசநோயாளிகள் தங்கி நலம்பெறும் விடுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் அது. விடுதியின் பெயரே வட்டாரத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது.

1928-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் கோஷன் பிரபு அந்த நலவிடுதியைத் திறந்துவைத்தார். பச்சைமலையின் அருகே, காடு சூழ்ந்த சுமார் 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. அதை நிறுவியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் நலவிடுதி நடத்திப் பெயர் பெற்ற இந்திய மருத்துவர் அவர். 1937-இல் தாம்பரம் விடுதி அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது, எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர்களுக்கும் அங்கே நெடுங்காலமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது. அருகிலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் 2005 முதல் இயங்குகிறது.

டாக்டர் சௌரி முத்துவின் மெண்டிப் விடுதியில் 1917-இல் ஒரு தமிழர் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டார். அவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டு, தம் கணித ஞானமெல்லாம் அவள் அருளியது என்று நம்பியவர். பனி கொட்டும் அந்நாட்டில், போர்க்காலப் பஞ்சத்தில், புலால் தொடாத தம் நியமத்தை விடாமல் உடல் நலிந்தார். அன்றைய மருத்துவர்கள் அவருடைய நோயைக் காசநோய் என்றே கருதினர். அது கல்லீரலைத் தாக்கிய வேறொரு நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கூறியதும் உண்டு. 1919-இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்ததாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் பெர்லின் நகரில் அறிவித்தது 1882 மார்ச் 24-ஆம் தேதி. உலகக் காசநோய் நாள் அந்நாளில் கொண்டாடப்படுவதன் காரணம் அதுவே. கிருமி தெரிந்துவிட்டதே தவிர, அதைக் கொல்லும் மருந்துக்கு உலகம் மேலும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதுவரையில் தூய காற்று, வெயில், சத்துணவு, பூரண ஓய்வு ஆகிய நான்குமே வைத்தியம். வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு, நோயாளிகள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், நலவிடுதியில் கிடந்தார்கள். திரும்பி வந்தவர்கள் உண்டு, வாராதவர்களும் உண்டு. 'சானடோரியத்தில் சேர்த்திருக்கிறார்களாம்' என்ற சொல்லைக் கேட்டதும் அக்காலத்து இல்லங்களில் குரல் தாழ்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சேத்துப்பட்டு உலகுக்குச் சொன்ன பதில்

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் விடுதிப் படுக்கைகளுக்கு எங்கே போவது? நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகச் சில. அனைவரையும் விடுதியில் வைத்துப் பேணுவதென்றால் ஏழை நாட்டுக்கு ஆகுமா? வீட்டிலேயே இருந்து மருந்து உண்டால் நோய் தீருமா? தீர்ந்தாலும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவிவிடாதா?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்காக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. அது அமைந்த இடம் சேத்துப்பட்டு. ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டில், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, காசநோயின் கதையை மாற்றிய பணி தொடங்கியது.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் நலவிடுதியில் சேர்க்கப்பட்டு, நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் பணிவிடையும் பெற்றனர். மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, இயன்ற வேலையைச் செய்துகொண்டு இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. இரு சாராரிலும் மிகப் பெரும்பாலோர் குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவர்கள் விடுதியில் இருந்தவர்களுக்குப் பெரிதும் பின்தங்கிவிடவில்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலேயே வைத்துப் பேணியதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை என்பதும் தெளிவாயிற்று. தொற்ற வேண்டிய அளவு பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அபாயம் விரைவாகக் குறைந்துவிடுகிறது.

இம்முடிவே பிறகு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சைக்கு வழிகாட்டியது. குடும்பத்தைப் பிரிந்து விடுதியில் கிடக்க வேண்டிய தேவை படிப்படியாக நீங்கியது. நம் ஊரின் எளிய மக்கள் தந்த ஒத்துழைப்பால், எங்கோ ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள தாய்மார்கள் தம் குழந்தைகளைப் பிரியாமல் நலம்பெற முடிந்தது. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு அதே இடத்தில் பணியாற்றுகிறது.

வாசலில் வேப்பிலை, வாயில் பூட்டு

இவ்வளவு நடந்த பின்னும் நோய் ஒழியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். நோயுற்ற நால்வரில் ஒருவர் இந்தியர். தீர்க்கத்தக்க நோய்க்கு, மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், இத்தனை உயிர்கள் ஏன் பலியாக வேண்டும்? வறுமையும் சத்துக்குறைவும் முதற்காரணங்கள். அவற்றோடு இணைந்து நிற்பது வெட்கம்.

பெரியம்மைக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். ஒரு வீட்டில் அம்மை கண்டால், 'அம்மன் வார்த்திருக்கிறாள்' என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வேப்பிலை அம்பிகையின் வருகையை அறிவித்தது. உள்ளே வர வேண்டாம் என்று ஊராருக்கும் அறிவித்தது. அதில் எவருக்கும் நாணமில்லை. தலைக்கு நீர் வார்த்து, மாரியம்மனுக்குக் கூழ் வார்த்து நன்றி கூறினார்கள். அதே மக்கள் அம்மை குத்திக்கொள்ளவும் கையை நீட்டினார்கள். பக்தி ஒருபுறம், தடுப்பு ஒருபுறம் என்று இரண்டும் இணைந்தே நடந்தன. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980 மே 8-ஆம் தேதி உலகத்திலேயே அது இல்லையென்று அறிவிக்கப்பட்டது. அம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் மட்டும் தொடர்ந்து வார்க்கப்படுகிறது.

அம்மைக்கு வாசலில் வேப்பிலை கட்டிய குடும்பங்கள், காசநோய்க்கு வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டன. அந்தப் பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை.

பீர்க்கன்கரணை ஏரியை அடுத்த தெருவொன்றில் இப்படியொரு வீடு இருப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த பெரியவர். பணி ஓய்வுபெற்று நாளாயிற்று. அன்றாடம் காலையில் அம்மன் கோயிலுக்குப் போய் வருபவர். மாசி மாதத்தில் தொடங்கிய இருமல் பங்குனியிலும் நிற்கவில்லை. மாலையில் உடம்பு இலேசாகச் சுடுகிறது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது.

"என்னங்க, மூன்று வாரமாயிற்று. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடலாமே" என்கிறார் மனைவி.

"வயதானால் இருமல் வராதா? பனி போனால் சரியாகிவிடும்" என்கிறார் அவர். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "பேத்திக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் சளியைச் சோதிக்கிறேன், படம் எடுக்கிறேன் என்று கிளம்பினால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? மருமகள் காதில் போட்டுவிடாதே" என்கிறார்.

அவர் சொல்வதில் சுயநலம் சிறிதும் இல்லை. பேத்தியின் மேல் கொண்ட பாசத்தால்தான் மறைக்கிறார். ஆனால் அந்தப் பேத்தி தினமும் மாலையில் தாத்தாவின் கட்டிலருகே அமர்ந்துதான் பேசுகிறாள். சன்னல் மூடிய அவ்வறையின் காற்றைத்தான் சுவாசிக்கிறாள். எவளுடைய வாழ்வைக் காப்பதற்காக மறைக்கிறாரோ, அவளுக்கே அந்த மறைப்பு முதல் தீங்காகிறது.

அறிய வேண்டியவை

காசநோய் காற்றின் வழியே பரவுவது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் கிருமி, காற்றோட்டமற்ற இடத்தில் தங்கி, பிறர் சுவாசத்தில் கலக்கிறது. உண்ட தட்டாலும் பருகிய தம்ளராலும் அது பரவுவதில்லை. ஆகையால் தனித் தட்டு வைத்து மனத்தைப் புண்படுத்துவது வீண் செயல். சன்னலைத் திறந்துவைப்பதும், இருமும்போது மேல்துண்டாலோ முந்தானையாலோ வாயை மூடிக்கொள்வதும், தொடக்க வாரங்களில் முகக்கவசம் அணிவதுமே பயன் தருவன. இது வம்சாவளியாக வரும் நோயும் அன்று. முன்வினையின் முத்திரையும் அன்று.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலை நேரக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், பசியின்மை, இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதுமையில் இவ்வறிகுறிகள் தெளிவாகத் தோன்றாமல், வெறும் சோர்வாகவும் மெலிவாகவும் மட்டுமே தெரிவதுண்டு. இளமையில் உடலுக்குள் புகுந்து உறங்கிக்கிடந்த கிருமி, முதுமையில் எதிர்ப்பாற்றல் குறையும்போது விழித்துக்கொள்வதும் உண்டு. நீரிழிவு உடையவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எனவே 'வயதின் கோளாறு' என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ளலாகாது.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வழியாகவும் சளிப் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விவரம் அறிய 1800-11-6666 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. நோய் கண்டறியப்பட்டவர்களுள் மிகவும் மெலிந்தோரையும், மூச்சுத் திணறுவோரையும், எழுந்து நிற்க இயலாதோரையும் உடனே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்த்துக் காப்பதற்காக, தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' 2022 முதல் நடைமுறையில் உள்ளது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களையும் சோதித்து, தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து தருகிறார்கள்.

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மூன்று வாரத்திலேயே இருமல் தணிந்து, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். பலர் தவறுவது அங்கேதான். 'குணமாகிவிட்டது' என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத வன்மை பெற்று மீண்டும் எழுகிறது. மாலையணிந்து நாற்பத்தெட்டு நாள் மண்டல விரதம் ஏற்றவர், முப்பதாம் நாள் மனம் தெளிந்துவிட்டதென்று மாலையைக் கழற்றுவாரா? ஏற்ற நியமத்தை முடிவுவரை காப்பதே விரதம். ஆறு மாத மருந்தும் அத்தகைய விரதமே. பங்குனி பத்தாம் நாள் தொடங்கினால், புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் தளிகை போடும் வேளையில் அது நிறைவுற்றிருக்கும். வரன் பார்க்கத் தொடங்கி நிச்சயதார்த்தம் முடிவதற்கே அவ்வளவு காலம் ஆகிவிடுகிறதே!

திங்களூர் காட்டும் வழி

சந்திரன் வழிபட்ட தலமெனப் போற்றப்படும் திங்களூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அறுபத்து மூவருள் ஒருவரான அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் அது. திருநாவுக்கரசரை நேரில் காண்பதற்கு முன்பே அவரைக் குருவாக வரித்து, தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் தம் மக்களுக்கும் அவர் திருப்பெயரையே சூட்டியவர்.

திருநாவுக்கரசர் அவ்வூருக்கு எழுந்தருளிய அன்று, அடிகள் தம் இல்லத்தில் அமுது செய்விக்க ஏற்பாடு செய்தார். வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவம் தீண்டியது. குருத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மைந்தன் உயிர் துறந்தான். விருந்து தடைப்படலாகாதே என்று பெற்றோர் அத்துயரை மறைத்து, உடலை ஒருபுறம் ஒளித்துவைத்து, ஏதும் நடவாததுபோல் இலையிட்டனர். வாகீசர் அனைவருக்கும் திருநீறு அளித்து, மூத்தவனையும் அழைக்குமாறு பணித்தார். அடிகள் மழுப்பினார். பெரியவர் விடவில்லை, உண்மையைக் கேட்டார். அடிகள் உள்ளதை உரைத்தார். உடலைத் திருக்கோயிலின் முன் கொணரச் செய்து, பதிகம் பாடி, மைந்தனை உயிர்ப்பித்தருளினார் நாவரசர்.

அப்பூதியடிகளின் மறைப்பு அன்பினால் விளைந்தது, பக்தியினால் விளைந்தது. ஆயினும் மறைத்திருந்த வரையில் அருளுக்கு இடமில்லை. உண்மையை வாய்திறந்து சொன்ன பிறகே மைந்தன் எழுந்தான். பேத்திக்காக இருமலை மறைக்கும் பெரியவரும் பாசத்தினால்தான் மறைக்கிறார். அவர் வாய்திறக்க வேண்டும் என்பதைத் திங்களூர் சொல்கிறது. அவர் வாய்திறவாவிடில், திருநாவுக்கரசரைப் போல வற்புறுத்திக் கேட்பது உடனிருப்போர் கடமை என்பதையும் அதே திங்களூர் சொல்கிறது.

அப்பூதியடிகள் வாழ்ந்த அறத்திலும் இந்நோய்க்கு ஒரு மருந்து இருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பங்குகொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. காசநோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கினர். அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்பது ஏறக்குறைய பாதி அளவுக்குக் குறைந்தது. அரிசியும் பருப்பும் நோயைத் தடுத்தன. அன்னமே மருந்து என்று நம்மவர் சொல்லிவந்த சொல்லுக்கு ஆய்வுக்கூடம் இட்ட கையெழுத்து இது.

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு நோயாளிகளுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியாரும் அமைப்புகளும் ஒரு நோயாளியின் உணவுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் 'நிக்ஷய் மித்ரா' திட்டமும் 2022 முதல் நடந்துவருகிறது. பிறந்த நட்சத்திரத்தன்றும் பெற்றோர் திதியன்றும் கோயிலில் ஒருநாள் அன்னதானத்துக்குப் பொருள் தரும் குடும்பங்கள் தாம்பரம் வட்டாரத்தில் எத்தனையோ உள்ளன. அதே கை, மருந்துண்ணும் ஓர் ஏழை வீட்டுக்கு ஆறு மாத அரிசியும் பருப்பும் அனுப்பிவைக்குமானால், அப்பூதியடிகளின் தண்ணீர்ப் பந்தலில் அதுவும் ஒரு கால் நட்டதாகும்.

தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு அந்த விடுதி திறக்கப்பட்டு நூறாண்டு நெருங்குகிறது. அடுத்த முறை ரயில் அந்நிலையத்தில் நிற்கும்போது, பெயர்ப்பலகையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்த வேண்டிய தேவையில்லை. உடன்வரும் பேரப்பிள்ளை "சானடோரியம் என்றால் என்ன தாத்தா?" என்று கேட்டால், சந்திரனின் கதையில் தொடங்கி, சேத்துப்பட்டில் கிடைத்த விடை வரையில் உரக்கவே சொல்லலாம். சொல்லும்போது இடையில் இருமல் வந்தால், அது எத்தனை நாளாக இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், திரும்பும் வழியில் இறங்கிச் சோதித்துக்கொள்வதே முறை. தேய்ந்த மதியைச் சூடிய பெருமான், மறையாது சரணடைந்தவரை வளர்பிறையாக்கிக் காத்தருள்வாராக.